இரண்டரை டிகிரி அசையும் மூட்டும் இடுப்பு விலகல் என்ற கொள்கையும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மவுண்ட் ஹோரெப் என்ற சிறிய ஊரில் கைரோபிராக்டிக் தொழில், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் உந்திச் சிகிச்சை தரும் தொழில், நடத்திய கிளாரன்ஸ் கான்ஸ்டெட், இடுப்பெலும்புக்கென்றே ஒரு தனிக் குறியீட்டு முறையை வகுத்தவர். 1923இல் பாமர் கைரோபிராக்டிக் பள்ளியில் பட்டம் பெற்ற அவர், இடுப்பு வளையமே முதுகெலும்பின் அடித்தளம் என்றும், அது மட்டம் தவறினால் அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு முள்ளெலும்பும் அதை ஈடுகட்டுவதற்காகச் சாயவோ திரும்பவோ வேண்டியிருக்கும் என்றும் கற்பித்தார். நோயாளியை நிற்கவைத்து, 14 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் கொண்ட ஒரே ஃபிலிமில் முதுகெலும்பு முழுவதையும் எக்ஸ்ரே எடுத்து, அதன்மேல் பென்சிலும் அளவுகோலும் கொண்டு கோடுகள் வரைந்து, எந்த எலும்பு எந்தத் திசையில் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று குறிப்பது அவரது வழக்கம். பின்னும் கீழுமாக நகர்ந்த இலியத்துக்கு, அதாவது இடுப்பின் பக்கவாட்டில் உள்ள அகன்ற எலும்புக்கு, ‘பி.ஐ.’ என்றும், முன்னும் மேலுமாக நகர்ந்ததற்கு ‘ஏ.எஸ்.’ என்றும், பின்முனை நடுக்கோட்டை நோக்கித் திரும்பியிருந்தால் ‘இன்’ என்றும், அதிலிருந்து விலகியிருந்தால் ‘எக்ஸ்’ என்றும் எழுதினார்கள். இவற்றைச் சேர்த்து எழுதிவிட்டால், உள்ளங்கையை எங்கே வைத்து எந்தக் கோணத்தில் உந்த வேண்டும் என்பது அந்தக் குறியீட்டிலேயே அடங்கிவிடும்.

இதன் கவர்ச்சி எனக்கு நன்றாகவே புரிகிறது. வலி என்பது கண்ணுக்குத் தெரியாதது, அளக்க முடியாதது, நாளுக்கு நாள் இடம் மாறுவது. அதை ஒரு கோணமாகவும் சில மில்லிமீட்டர்களாகவும் மாற்றித் தருகிற எந்த முறையும் மருத்துவருக்குத் துணிவையும் நோயாளிக்கு ஆறுதலையும் தரும். 1895இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது முன்வைத்த ‘சப்லக்சேஷன்’ கொள்கை, எலும்பு சற்றே இடம் பெயர்ந்து நரம்பைத் தடுக்கிறது என்ற பொதுவான கூற்றாகத்தான் இருந்தது. அதற்கு ஒரு வடிவக் கணிதத்தைக் கொடுத்தவர்களில் கான்ஸ்டெட் முதன்மையானவர். அதே காலகட்டத்தில் ஹியூ லோகன், முதுகெலும்பின் அடியிலுள்ள சேக்ரம் எலும்பின் கீழ்முனையில் மெல்லிய அழுத்தம் கொடுக்கும் முறையையும், நெப்ராஸ்காவின் மேஜர் டிஜார்னெட் இடுப்புக்கு அடியில் ஆப்பு வடிவக் கட்டைகளை வைத்து உடல் எடையாலேயே அதைத் திருத்தும் முறையையும் உருவாக்கினார்கள். கருவிகளும் அழுத்தத்தின் அளவும் வேறுபட்டாலும், இடுப்பெலும்பு தன் இடத்தைவிட்டு விலகுகிறது, அதை மீண்டும் இடத்தில் வைக்க முடியும் என்ற அடிப்படை எண்ணம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

இயன்முறை மருத்துவம் செய்யும் என்னிடம் வருபவர்களில் பலர், இந்தப் பெயர்கள் எவற்றையும் கேள்விப்படாமலேயே இந்த எண்ணத்தைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். வலது இடுப்பு பின்னால் சுழன்றுவிட்டதாம், ஒரு கால் குட்டையாகிவிட்டதாம், மாதம் ஒருமுறை ‘செட்’ செய்துகொள்ளாவிட்டால் மறுபடியும் விலகிவிடுமாம். இணையத்தில் ஓடும் குறுங்காணொலிகளில் கேட்கும் அந்தச் சொடக்குச் சத்தத்தை, எலும்பு தன் குழிக்குள் போய் உட்காரும் ஓசை என்றே அவர்கள் நம்புகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த நிவாரணம் பொய் என்று நான் சொல்வதில்லை. பலருக்கு அது உண்மையாகவே கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த நிவாரணத்துக்குச் சொல்லப்படும் காரணம், அந்த மூட்டின் இயக்கவியலோடு பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த மூட்டைப் பற்றி அளந்து அறியப்பட்டவை ஏராளம்.

சேக்ரம் என்பது ஐந்து முள்ளெலும்புகள் வளர்ச்சியின்போது ஒன்றாக இணைந்து உருவான முக்கோண எலும்பு. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் அமைந்த அது, இருபுறமும் உள்ள இலியங்களுக்கு இடையே ஆப்புப் போலச் செருகப்பட்டிருக்கிறது. அவை சந்திக்கும் இடமே சேக்ரோ இலியாக் மூட்டு, சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு. குழந்தைப் பருவத்தில் இந்த மூட்டின் பரப்பு ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். பூப்புக்குப் பிறகு, உடல் எடையும் நடையும் கூடக்கூட, இலியத்தின் பக்கம் மேடுகளும் சேக்ரத்தின் பக்கம் அவற்றுக்கு இணையான பள்ளங்களும் தோன்றி, இரண்டும் ஒன்றையொன்று கவ்வத் தொடங்கும். இந்தக் கரடுமுரடு தேய்மான நோயல்ல, உராய்வைக் கூட்டுவதற்காக உடல் செய்துகொள்ளும் இயல்பான தகவமைப்பு என்பதை நெதர்லாந்தின் ஆண்ட்ரி ஃப்ளீமிங்கும் அவரது குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார்கள். மூட்டுக்குப் பின்னால், இரு எலும்புகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நிரப்பியபடி, உடலிலேயே மிக வலுவானவற்றுள் ஒன்றான இணைப்பு நார்த் தொகுதி இருக்கிறது. முன்பக்கத்தில் பியூபிஸ் எலும்புகளின் இணைப்பு இந்த வளையத்தை மூடுகிறது. ஆகவே, ஒரு பக்க இலியம் தனியாகச் சுழல வேண்டுமானால், அந்தப் பக்க எஸ்.ஐ. மூட்டு மட்டுமல்லாமல் முன்பக்க இணைப்பும் எதிர்ப்பக்க மூட்டும் சேர்ந்து இடம்கொடுக்க வேண்டும். மூன்று கண்ணிகள் கொண்ட ஒரு மூடிய வளையத்தில் ஒன்றை மட்டும் விலக்கி வைப்பது எளிதல்ல.

இந்த மூட்டு அசையவே அசையாது என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் நம்பியதும் தவறுதான். கைரோபிராக்டர்கள் அதை மறுத்தது சரிதான். நாம் எழுந்து நிற்கும்போது உடலின் மேற்பகுதியின் எடை சேக்ரத்தின் மேல்நுனியை முன்னோக்கிச் சாய்க்கிறது. அதன் கீழ்நுனி பின்னோக்கிப் போகிறது. இந்தத் தலையசைப்பு நிகழும்போது, சேக்ரத்தை உட்காரெலும்போடு இணைக்கும் நீண்ட நார்கள் இறுகி, இரு இலியங்களும் சேக்ரத்தை இன்னும் கெட்டியாகப் பற்றிக்கொள்கின்றன. படுக்கும்போது சேக்ரம் எதிர்த்திசையில் திரும்புகிறது. அப்போது பின்பக்கமுள்ள நீளமான முதுகுப்புற நார் இறுகுகிறது. எடை கூடும்போது தானாகவே இறுகும் மூட்டு என்பது இதன் தனிச் சிறப்பு. கேள்வி, அது எவ்வளவு அசைகிறது என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு நம்பத்தக்க விடை ஸ்வீடனிலிருந்து வந்தது. லுண்ட் நகரில் கோரன் செல்விக் 1970களில் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள டான்டலம் உலோகக் குண்டுகளை எலும்புக்குள்ளேயே பதித்துவிட்டு, இரண்டு எக்ஸ்ரே குழாய்களை ஒரே நேரத்தில் இயக்கிப் படமெடுத்தால், ஒரு எலும்புக்கும் மற்றதற்கும் இடையிலான அசைவை முப்பரிமாணத்தில், மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகக் கணிக்கலாம். தோலின்மேல் ஒட்டிய குறிகளையோ விரலின் உணர்வையோ நம்ப வேண்டியதில்லை. பெங்ட் ஸ்டுரெசன் குழுவினர் இந்த முறையில் 25 நோயாளிகளை ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட முடிவு இதுதான்: படுத்தல், உட்கார்தல், நிற்றல் எனப் பல நிலைகளுக்கிடையே எஸ்.ஐ. மூட்டின் சுழற்சி சராசரியாக 2.5 டிகிரி, 4 டிகிரியை அது எட்டவில்லை. நகர்வு சராசரியாக 0.7 மில்லிமீட்டர், அதிகபட்சம் 1.6 மில்லிமீட்டர். வலியுள்ள மூட்டுக்கும் வலியில்லாத மூட்டுக்கும் இந்த அளவுகளில் வேறுபாடு தென்படவில்லை என்பது எண்களைவிட முக்கியமான செய்தி.

இப்போது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதுகின் கீழே இருபுறமும் தெரியும் குழிகளை ஒட்டி, தோலுக்கு அடியில் கட்டைவிரலுக்குத் தட்டுப்படும் எலும்பு மேடுதான் இலியத்தின் பின்முனை. கைரோபிராக்டரும் இயன்முறை மருத்துவரும் இடுப்பு விலகலைத் தீர்மானிக்க முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். சுழற்சி அச்சிலிருந்து அது 5 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு டிகிரி சுழற்சிக்கு அது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே நகரும். முழு 2.5 டிகிரியும் ஒரே பக்கத்தில் நிகழ்ந்தாலும் 2 மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும். தோலும் கொழுப்பும் தசையுறையும் மூடிய ஒரு மேட்டை, இரு கட்டைவிரல்களை வைத்து, கண்ணால் பார்த்து, 2 மில்லிமீட்டர் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் திறமை எனக்கு இல்லை. இருவேறு பரிசோதகர்களை ஒரே நோயாளியிடம் அனுப்பி நடத்தப்பட்ட ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருப்பது, அது யாருக்குமே நிலையாக வாய்ப்பதில்லை என்பதைத்தான்.

இந்த விவாதத்தில் நான் மிக உயர்வாக மதிக்கும் ஆய்வு, டுல்பெர்க் குழுவினர் 1998இல் வெளியிட்டது. மிக எளிய வடிவமைப்பு. ஒரு பக்க எஸ்.ஐ. மூட்டுக் கோளாறு இருப்பதாகக் கைப் பரிசோதனைகள் மூலம் முடிவுசெய்யப்பட்ட 10 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். டான்டலம் குண்டுகளைப் பதித்து, நின்ற நிலையில் அளந்தார்கள். பிறகு மூட்டில் உந்தல் சிகிச்சை செய்தார்கள். கைப் பரிசோதனைகள் அதன்பின் இயல்புக்குத் திரும்பியதாகப் பரிசோதகர்கள் பதிவுசெய்தார்கள். மறுபடியும் அளந்தபோது, பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட சேக்ரத்துக்கும் இலியத்துக்கும் இடையிலான இருப்பு மாறியிருக்கவில்லை. பரிசோதகரின் விரல்கள் ‘சரியாகிவிட்டது’ என்று சொன்ன அதே நேரத்தில், எலும்புக்குள் இருந்த குண்டுகள் ‘எதுவும் நகரவில்லை’ என்று சொல்லின. பத்துப் பேர் மிகக் குறைவு என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் பத்துப் பேருக்குமே பரிசோதனை முடிவு மாறி, ஒருவருக்கும் எலும்பு மாறாமல் இருந்தால், அந்தப் பரிசோதனைகள் எலும்பின் இருப்பை அளக்கவில்லை என்று கொள்வதற்கு அதிகம் பேர் தேவையில்லை.

அப்படியானால் விரல்கள் உணரும் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் எலும்பின் பிறவி வடிவத்திலிருந்தே வருகிறது. இங்கிலாந்தில் ஸ்டீஃபன் ப்ரீஸ் குழுவினர் 30 இடுப்பெலும்புகளை ஒரே குறிப்பு நிலையில் பொருத்தி அளந்து 2008இல் வெளியிட்டனர். முன்முனையையும் பின்முனையையும் இணைக்கும் கோட்டின் சாய்வு 0 முதல் 23 டிகிரிவரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஒரே ஆளின் இடது, வலது பக்கங்களுக்கிடையே 11 டிகிரிவரை வேறுபாடு இருந்தது. மூட்டு சராசரியாகச் சுழலும் அளவைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேறுபாடு, எந்த விலகலும் இல்லாமல், எலும்பின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் முகத்தின் இரு பாதிகளே ஒன்றுபோல் இல்லாதபோது இடுப்பு மட்டும் சமச்சீராக இருக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்த்தோம் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

எக்ஸ்ரேயில் வரைந்த கோடுகளும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பவில்லை. எக்ஸ்ரே என்பது ஒரு முப்பரிமாணப் பொருளின் நிழல். ஃபிலிமிலிருந்து தள்ளியிருக்கும் பக்கம் சற்றுப் பெரிதாக விழும். நோயாளி இரண்டு மூன்று டிகிரி திரும்பி நின்றாலே ஒரு பக்க இலியத்தின் நிழல் அகன்றும் மறுபக்கம் குறுகியும் தெரியும். பி.ஐ. இலியத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசத்தைத் திருத்தினால் தொடையெலும்புத் தலையின் உயரம் 2 மில்லிமீட்டர் மாறும் என்று கான்ஸ்டெட் முறையில் ஒரு விகிதமே உண்டு. அவ்வளவு நுட்பமான கணக்குக்கு அடித்தளமாக அமையும் அளவு, நிற்கும் விதத்தைப் பொறுத்தே மாறக்கூடியது என்பதுதான் சங்கடம். மேலும், கருப்பையும் சினைப்பைகளும் உள்ள பகுதிக்கு ஒரு கோடு வரைவதற்காக மட்டும் கதிர்வீச்சைச் செலுத்துவது எனக்கு ஒப்புதல் இல்லாத வழக்கம்.

கால் நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். குப்புறப் படுக்கவைத்து இரு குதிகால்களையும் சேர்த்துப் பார்த்து, குட்டையாகத் தெரியும் பக்கம் இடுப்பு பின்னால் சுழன்றிருக்கிறது என்று முடிவுசெய்வது பல கைரோபிராக்டிக் முறைகளில் வழக்கம். கேரி நட்சன் என்ற கைரோபிராக்டரே 2005இல் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதியதில், எலும்பின் நீளத்திலேயே ஓரளவு வேறுபாடு 90 சதவீதம் பேருக்கு இருப்பதாகவும், அதன் சராசரி 5.2 மில்லிமீட்டர் என்றும், 20 மில்லிமீட்டர் அளவை எட்டும்வரை பெரும்பாலானோருக்கு அது பொருட்படுத்தத்தக்கதல்ல என்றும் காட்டியிருக்கிறார். இடுப்புக்கு மேலே ஒரு பக்கத் தசை சற்று இறுகியிருந்தால்கூடப் படுத்த நிலையில் அந்தக் கால் மேலேறித் தெரியும். அந்தத் தசை தளர்ந்ததும் கால் ‘நீண்டுவிடும்’. சிகிச்சைக்குப் பின் இரு குதிகால்களும் சமமானதைக் காட்டி நோயாளியை வியக்கவைப்பதற்கு மூட்டு நகர வேண்டிய அவசியமே இல்லை.

கைரோபிராக்டிக் துறை முழுவதையும் ஒரே கூடையில் போடுவது நேர்மையாகாது. எலும்பின் இருப்பைவிட அதன் அசைவே முக்கியம் என்று வாதிட்டவர்கள் அந்தத் துறைக்குள்ளேயே இருந்தார்கள். ஜெனீவாவின் ஃப்ரெட் இல்லி எஸ்.ஐ. மூட்டு அசைகிறது என்பதை நிறுவப் பல்லாண்டுகள் உழைத்தார். பெல்ஜியத்தின் ஆன்ரி ஜில்லே, நோயாளி ஒரு காலைத் தூக்கும்போது பின்முனையின் கீழ் கட்டைவிரலை வைத்து அசைவைத் தொட்டறியும் சோதனையை வகுத்தார். இன்று இயன்முறை மருத்துவக் கல்லூரிகளிலும் அது கற்பிக்கப்படுகிறது. இது ஒரு முன்னேற்றம்தான். எனினும், அந்தச் சோதனையையே டான்டலம் குண்டுகளின் துணையோடு ஸ்டுரெசனும் ஃப்ளீமிங்கும் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டபோது, ஒற்றைக் காலில் நிற்கையில் அந்த மூட்டு முன்னைவிடக் குறைவாகவே அசைகிறது என்பது தெரிந்தது. எடை ஏறும்போது இறுகும் மூட்டு என்று மேலே சொன்னதை நினைத்தால் இதில் வியப்பில்லை. கட்டைவிரல் உணரும் நகர்வு, முழு இடுப்பும் தொடையெலும்பின்மேல் சாய்வதிலிருந்தும் தோல் இழுபடுவதிலிருந்தும் வருகிறது. பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவுசெய்யும் பொது கைரோபிராக்டிக் மன்றமும் 2010இல் சப்லக்சேஷன் என்பது ஒரு வரலாற்றுக் கருத்து, கோட்பாட்டு மாதிரி மட்டுமே, அதை நோய்க்குக் காரணமாகக் கூறுவதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று அறிவித்தது.

இருப்பைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு விசையைப் பற்றிப் பேசத் தொடங்கினால்தான் இந்த மூட்டு விளங்கத் தொடங்குகிறது. ஃப்ளீமிங்கும் கிறிஸ் ஸ்னைடர்ஸும் ராட்டர்டாமில் வகுத்த மாதிரி இதற்கு நல்ல வழிகாட்டி. கட்டட வேலையில் சித்தாள் செங்கற்களை வரிசையாகச் சேர்த்து, இரு கைகளாலும் இரு ஓரங்களிலும் அழுத்தி, அப்படியே தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் உள்ள செங்கல்லை அடியிலிருந்து எதுவும் தாங்குவதில்லை. பக்கவாட்டு அழுத்தமும் அதனால் எழும் உராய்வும்தான் தாங்குகின்றன. இரு இலியங்களுக்கு நடுவே சேக்ரம் நிற்பதும் ஏறத்தாழ இப்படித்தான். ஆப்பு வடிவமும் மேடுபள்ளங்களும் தருவது ஒரு வகைப் பூட்டு. தசைகளும் நார்களும் பக்கவாட்டில் அழுத்தித் தருவது இன்னொரு வகைப் பூட்டு. முதலாவது எலும்பின் வடிவத்திலேயே அமைந்தது, நினைத்தபடி மாற்ற முடியாதது. இரண்டாவதோ நொடிக்கு நொடி மாறுவது.

அந்த இரண்டாவது பூட்டின் அமைப்பு அழகானது. பிட்டத்தின் பெருந்தசையிலிருந்து புறப்படும் இழுவிசை, கீழ்முதுகைப் போர்த்தியிருக்கும் தடித்த உறையின் வழியே, எதிர்ப்பக்கத் தோளுக்குச் செல்லும் அகன்ற முதுகுத் தசையோடு இணைகிறது. நடக்கும்போது வலது காலும் இடது கையும் சேர்ந்து இயங்குவதால், இந்தக் குறுக்குப் பட்டை இறுகி, எஸ்.ஐ. மூட்டின் குறுக்காக அழுத்தம் தருகிறது. தொடையின் பின்தசையில் ஒன்று, சேக்ரத்தையும் உட்காரெலும்பையும் இணைக்கும் நாரோடு பலருக்குத் தொடர்ச்சியாகவே இருக்கிறது. குதிகால் தரையைத் தொடும் முன்பே அது இயங்கி மூட்டைத் தயார் செய்கிறது. வயிற்றின் ஆழத்தில் கிடைமட்டமாக ஓடும் தசையை மெல்ல இறுக்கினாலே எஸ்.ஐ. மூட்டின் தளர்வு குறைவதை ரிச்சர்ட்சன் குழுவினர் 2002இல் அளந்து காட்டினார்கள். எலும்பு எங்கே இருக்கிறது என்பதைவிட, எடை மாறும் நொடியில் அதை யார், எப்போது, எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறார்கள் என்பதே வலியை அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

கர்ப்ப காலத்து இடுப்பு வலியில் இது தெளிவாகத் தெரியும். ரிலாக்சின் முதலான ஹார்மோன்களால் நார்கள் தளர்வது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நிகழ்வது. ஆனால் வலி எல்லோருக்கும் வருவதில்லை. 2001இல் டாமென் குழுவினர், மூட்டின் தளர்வை அதிர்வு மூலம் அளந்து, வெறும் தளர்வு வலியோடு தொடர்புடையதல்ல, இடது வலது மூட்டுகளுக்கிடையே தளர்வில் உள்ள ஏற்றத்தாழ்வுதான் வலியோடு தொடர்புடையது என்று கண்டார்கள். சமச்சீர் முக்கியம் என்று கைரோபிராக்டர்கள் ஆதியிலிருந்தே சொல்லிவந்ததில் ஓர் உண்மைத் துளி இருந்தது என்றே இதை வாசிக்கிறேன். ஆனால் அந்தச் சமச்சீர் இருப்பில் அல்ல, விறைப்பில் இருக்கிறது. பென்சில் கோட்டுக்கு அது அகப்படாது.

நடைமுறையில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கச் சொல்ல வேண்டும். கால் கனப்பதாகவும் தூக்கவே முடியவில்லை என்றும் சொன்னால், இடுப்பின் இருபுறமும் கைகளை வைத்து உள்நோக்கி அழுத்திக்கொண்டு மறுபடியும் தூக்கச் சொல்ல வேண்டும். பலருக்கு அப்போது கால் சட்டென்று எளிதாக எழும். அப்படிப்பட்டவர்களுக்கு, தொடையெலும்பின் பக்கவாட்டு மேட்டுக்குச் சற்று மேலே கட்டப்படும் இடுப்புப் பட்டை பயன்படும். அதை இறுக்கிக் கட்ட வேண்டியதில்லை. சுமார் 50 நியூட்டன் இழுவிசையே போதும் என்பது ஃப்ளீமிங் குழுவினரின் பரிந்துரை. வயிற்றைச் சுற்றி உயரமாகக் கட்டிக்கொண்டு பலனில்லை என்று சொல்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பட்டையை நான்கு விரற்கடை கீழே இறக்குவதே பாதி சிகிச்சை.

உந்தல் சிகிச்சை என்னதான் செய்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பக்கவாட்டில் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, பின்முனையில் உள்ளங்கையை ஊன்றிக் கொடுக்கப்படும் அந்த உந்தல், 0.2 நொடிக்கும் குறைவான நேரத்தில் சில நூறு நியூட்டன் விசையைச் செலுத்துகிறது. அந்த நேரத்தில் எழும் சத்தம், மூட்டுத் திரவத்தில் திடீரென ஒரு வாயுக் குமிழ் உருவாவதால் வருகிறது. 2015இல் கனடாவில் கிரெக் காச்சக் குழுவினர் விரல் மூட்டைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்து இதைக் காட்சியாகவே காட்டினார்கள். இடுப்பைக் குறிவைத்த உந்தலில் அந்தச் சத்தம் கீழ்முதுகின் சிறு மூட்டுகளிலிருந்தும் வரலாம் என்பதால், சத்தம் கேட்டதா என்பதை வெற்றியின் அளவுகோலாகக் கொள்வதில் பொருளில்லை. உண்மையான விளைவு நரம்பு மண்டலத்தின் வழியே நிகழ்கிறது. திடீரென நீட்டப்படும் தசைகளும் மூட்டு உறைகளும் அனுப்பும் செய்திகளால் சுற்றியுள்ள தசைகளின் இறுக்கம் மாறுகிறது. வலியாக உணரத் தொடங்கும் வரம்பு சிறிது நேரத்துக்கு உயர்கிறது. கனடாவின் கேல்கரியில் நடந்த ஆய்வில், எஸ்.ஐ. மூட்டில் செய்த உந்தல் முழங்கால் வலியுள்ளவர்களின் தொடை முன்தசையில் இருந்த செயல்தடையைக் குறைத்தது. எலும்பு நகர்ந்ததாகக் கொள்ளாமலேயே இவற்றையெல்லாம் விளக்க முடியும். அந்தத் தளர்ந்த இடைவெளியில் நோயாளியை எழுப்பி நடக்கவைத்து, பிட்டத் தசைக்கும் வயிற்றுத் தசைக்கும் வேலை கொடுத்தால் பலன் நீடிக்கும். கொடுக்காவிட்டால் அடுத்த மாதமும் அதே மேசைக்கு வர வேண்டியதுதான்.

மூட்டைத்தான் வலியின் மூலம் என்று சந்தேகித்தால், இருப்பைத் தேடும் சோதனைகளைவிட வலியைத் தூண்டும் சோதனைகளே நம்பகமானவை. தொடையின் வழியே பின்னோக்கித் தள்ளுதல், முன்முனைகளை விரித்து அழுத்துதல், பக்கவாட்டில் படுக்கவைத்து நெருக்குதல், சேக்ரத்தின்மேல் நேராக அழுத்துதல் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு சோதனைகள் பழகிய அதே வலியைத் தூண்டினால், அந்த மூட்டின் மீதான சந்தேகம் வலுப்பெறும் என்பதை மார்க் லாஸ்லெட் 2005இல், மூட்டுக்குள் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு ஒப்பிட்டு நிறுவினார். நாட்பட்ட கீழ்முதுகு வலியில் 15 முதல் 30 சதவீதம்வரை எஸ்.ஐ. மூட்டிலிருந்து வருவதாக இத்தகைய ஊசிச் சோதனைகள் காட்டுகின்றன. மீதமுள்ளவர்களுக்கு இடுப்பைத் திருத்துவதில் செலவிடும் நேரம், டிஸ்க்கையோ சிறு மூட்டுகளையோ கவனிக்காமல் கழியும் நேரம்.

இந்த மூட்டு உண்மையாகவே இடம் பெயர்வதும் உண்டு. லாரி மோதினாலோ உயரத்திலிருந்து விழுந்தாலோ இடுப்பு வளையம் பிளந்து, இலியம் சென்டிமீட்டர் கணக்கில் விலகும். அப்படிப்பட்டவர் நடந்து வந்து எந்த மேசையிலும் படுக்க மாட்டார்; இரத்த இழப்போடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவார். நான் அதிகம் கவலைப்படுவது வேறொரு கூட்டத்தைப் பற்றி. 45 வயதுக்கு முன்பே தொடங்கிய வலி, ஓய்வில் கூடி அசைவில் குறையும் வலி, பின்னிரவில் எழுப்பிவிடும் வலி, காலையில் அரை மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும் விறைப்பு, பிட்டத்தில் இடதும் வலதுமாக மாறி மாறி வரும் வலி ஆகியவை சேர்ந்திருந்தால் அது மூட்டின் அழற்சியாக இருக்கலாம். முதுகெலும்பையே நாளடைவில் இறுகவைக்கும் அந்த நோயில் எக்ஸ்ரே சில ஆண்டுகள்வரை இயல்பாகவே தெரியக்கூடும். நோய் முற்றி இறுகிய முதுகெலும்பு சிறு விசைக்கும் முறியலாம் என்பதால், அங்கே உந்தல் சிகிச்சை ஆபத்தானது. இந்த அறிகுறிகளோடு வரும் இளைஞர்களை, எவ்வளவு வற்புறுத்தினாலும் மேசையில் ஏற்றாமல், எஸ்.ஐ. மூட்டுகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வாதநோய் மருத்துவரைப் பார்க்கும்படி கடிதம் எழுதி அனுப்பிவிடுகிறேன்.